இருட்டுவதற்குள் மூன்று மரத்துண்டு: சர்வைவல் கேமில் பள்ளிப் பாடம் எங்கே இருக்கிறது?

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். அதில் நல்ல வெளிச்சம் இருப்பது ஏறத்தாழ பத்து நிமிடம்தான். புதிதாக நுழையும் குழந்தையின் கையில் ஒன்றும் இருக்காது. சுற்றிலும் மரம், புல், மண், தூரத்தில் ஒரு மலை. இருட்டிவிட்டால் ஜோம்பிகளும் வில்லேந்திய எலும்புக்கூடுகளும் கிளம்பிவிடும். அதற்குள் மரம் வெட்டி, பலகையாக்கி, கருவி செய்து, ஒரு குழியையாவது தோண்டி ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சர்வைவல் கேம் என்பதன் சாரம் இவ்வளவுதான். பசி, தாகம், குளிர், இருட்டு என்று ஏதோ ஒரு நெருக்கடி இருக்கும். கையிருப்பு குறைவாக இருக்கும். இருப்பதை வைத்து அடுத்த நாளைப் பார்த்தாக வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டதும் பல பெற்றோருக்குப் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஞாபகத்துக்கு வரும். அவை வேறு வகை. அங்கே மற்ற ஆட்டக்காரர்களைச் சுட்டு வீழ்த்திவிட்டுக் கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிப்பார். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் இயற்கையோடு மல்லுக்கட்டும் விளையாட்டுகளைப் பற்றி. 2011இல் முழுமையாக வெளிவந்த ஸ்வீடன் நாட்டு மைன்கிராஃப்டும், 2017இல் முழுமையாக வந்த கனடாவின் தி லாங் டார்க்கும் அந்த வகைக்கு நல்ல உதாரணங்கள்.

இந்த விளையாட்டுகள் பாடம் நடத்துவதில்லை. கணக்குப் போட்டே ஆகவேண்டிய நிலைமைக்குக் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கையின் விதிகளை இவை பல இடங்களில் தப்பாகக் காட்டுகின்றன. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதில் கிடைக்கும் பெரிய வாய்ப்பே அந்தத் தப்புகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "நிஜத்துலயும் இப்படித்தானா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால் போதும், அறிவியல் வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் நாள் கணக்கு

ஒரு மரத்துண்டிலிருந்து நான்கு பலகை கிடைக்கும். இரண்டு பலகை போட்டால் நான்கு குச்சி. பொருட்களைச் செய்ய உதவும் கிராஃப்டிங் டேபிளுக்கு நான்கு பலகை வேண்டும். கல்லை உடைக்கும் மர பிக்காக்ஸுக்கு மூன்று பலகை, இரண்டு குச்சி. மர வாளுக்கு இரண்டு பலகை, ஒரு குச்சி. இந்த மூன்றையும் செய்ய எத்தனை மரத்துண்டு வெட்ட வேண்டும்?

பலகைகளை மட்டும் கூட்டினால் ஒன்பது. தேவையான குச்சி மூன்று. ஆனால் குச்சிகள் நான்கு நான்காகத்தான் வரும், அதற்கு இரண்டு பலகை. ஆக மொத்தம் பதினொன்று. பதினொன்றை நான்கால் வகுத்தால் 2.75. முக்கால் மரத்துண்டை வெட்ட முடியாது, எனவே மூன்று வெட்ட வேண்டும். ஒரு பலகையும் ஒரு குச்சியும் மிஞ்சும். வகுத்தலில் மீதி வந்தால் எப்போது மேலே ஏற்றுவது, எப்போது விட்டுவிடுவது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் குழப்பம் தரும் இடம். இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு துண்டோடு வந்தால் வேலை முடியாது. ஏன் மேலே ஏற்ற வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இரும்புக்கு வந்தால் கணக்கு இன்னும் சூடு பிடிக்கும். உலையில் ஒரு நிலக்கரி போட்டால் எட்டுப் பொருள் உருகும், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. 64 இரும்புத் தாதுவை உருக்க 8 நிலக்கரியும் 640 விநாடியும் ஆகும். அதாவது 10 நிமிடம் 40 விநாடி, விளையாட்டின் கணக்கில் அரை நாளுக்கும் மேல். இன்னொரு உலை வைத்தால் நேரம் பாதியாகும், நிலக்கரிச் செலவோ அப்படியே இருக்கும். நேரமும் வேலையும் பாடத்தில் வருகிற "நான்கு ஆட்கள் ஒரு சுவரைக் கட்ட" என்ற கணக்கு இதேதான்.

அடுத்து ஆயத்தொலைகள். ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை மைன்கிராஃப்ட் மூன்று எண்களால் சொல்லும். X கிழக்கு நோக்கிக் கூடும், Z தெற்கு நோக்கிக் கூடும், Y உயரம். வீடு X 100, Z 200 என்ற இடத்தில் இருக்கிறது, கிராமம் X 400, Z மைனஸ் 200இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே 300, வடக்கே 400. நேர்க்கோட்டில் போனால் பிதாகரஸ் தேற்றத்தின்படி 500 கட்டம். ஒரு கட்டம் ஒரு மீட்டர். நடக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர் என்பதால் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். இருட்ட ஒரு நிமிடம்தான் பாக்கி என்றால் கிளம்பக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் வரும் தொலைவு வாய்ப்பாடு முழுவதும் இந்த ஒரு முடிவுக்குள் அடங்கிவிடுகிறது.

குறை எண்களும் இப்படித்தான் பழகும். 2021 நவம்பரில் வந்த பதிப்பிலிருந்து நிலத்தடி, Y மைனஸ் 64 வரை போகிறது. வைரம் அதிகம் கிடைப்பது அடிமட்டத்தை ஒட்டித்தான். மைனஸ் 20ஐவிட மைனஸ் 50 சிறியது என்பதைக் கரும்பலகையில் நம்ப மறுக்கும் பிள்ளை, சுரங்கத்தில் இறங்கிப் பார்த்ததும் ஏற்றுக்கொள்கிறது.

கரியும் இரும்பும்

மேலே சொன்ன உலையையே இன்னொரு முறை உற்றுப் பார்ப்போம். நிலக்கரி கிடைக்கவில்லை, மரம் மட்டும் இருக்கிறது. ஒரு மரத்துண்டை அப்படியே எரித்தால் ஒன்றரைப் பொருளுக்கான வெப்பம் வரும். அதையே நான்கு பலகையாக்கினால் ஒவ்வொரு பலகையும் ஒன்றரை தரும், மொத்தம் ஆறு. உலையில் சுட்டு அடுப்புக்கரியாக்கினால் எட்டு. சுடுவதற்கே ஒரு பொருளுக்கான வெப்பம் செலவாகிவிடுவதால் நிகரமாக ஏழு. இதைத் தானே கண்டுபிடிக்கும் குழந்தை விகிதத்தையும் நிகர லாபத்தையும் சேர்த்தே படித்துவிட்டது.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நிஜத்தில் ஒரு கட்டையை நாலாக அறுத்துவிட்டால் வெப்பமும் நாலு மடங்கு ஆகிவிடுமா? ஆகாது. பிளந்த விறகு சீக்கிரம் பற்றும், மேற்பரப்பு கூடுவதால் வேகமாக எரியும், ஆனால் மொத்த வெப்பம் அதே விறகின் எடைக்கு உரியதுதான். ஆற்றல் அழியா விதியை விளையாட்டு மீறுகிறது. கரி விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மரத்திலிருக்கும் நீரும் ஆவியாகும் பொருட்களும் வெளியேறிவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் கரி தரும் வெப்பம் விறகைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் விறகில் இருந்த மொத்த ஆற்றலில் ஒரு பகுதி சுடும்போதே போய்விடுகிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அடக்கி மூட்டம் போடுவார்கள். ஒரு மூட்டத்தை நேரில் காட்டினால் குழந்தைக்குப் புரிவது அதிகம். உள்ளே போன விறகின் எடையில் சிறு பங்குதான் கரியாக வெளியே வருகிறது.

இரும்பில் இன்னும் பெரிய விஷயத்தை விளையாட்டு விட்டுவிடுகிறது. அதன் உலையில் கரி வெறும் எரிபொருள். நிஜ உலகத்தின் உலையில் கரிக்கு இரண்டு வேலை. இரும்புத் தாது என்பது பெரும்பாலும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. எவ்வளவு சூடாக்கினாலும், ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் இரும்பு பிரியாது. கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. பாடப்புத்தகத்தில் "ஒடுக்கம்" என்று வருவது இதுதான். ஊது உலையில் சுண்ணாம்புக்கல் சேர்ப்பது மண் போன்ற கழிவைக் கசடாகப் பிரித்தெடுக்க. சங்ககால ஊரான கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. மைன்கிராஃப்டில் பத்து விநாடியில் இரும்பு எடுத்த பிள்ளையை அந்தச் செய்திக்கு அழைத்துப் போனால், துருத்தி ஊதி உலையின் சூட்டை ஏற்றியவர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

மணலுக்கு மட்டும் புவியீர்ப்பு

என் அக்கா மகன் ஒரு நாள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, அடிமரத்த வெட்டிட்டேன். மேல இருக்கிறது அப்படியே அந்தரத்துல நிக்குது, ஏன் விழல?" மணல் மேட்டின் அடியில் தோண்டிப் பார்க்கச் சொன்னேன். மணல் பொலபொலவென்று சரிந்தது. "அப்போ மணலுக்கு மட்டும்தான் புவியீர்ப்பா?" என்றான். எதெல்லாம் விழுகிறது, எதெல்லாம் விழவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். மணல், சரளை விழுந்தன. மண், கல், மரம் விழவில்லை. தண்ணீர் வழிந்தது. ஒரு உலகத்தின் விதியைச் சோதனை செய்து கண்டுபிடிப்பதும், அதை நம் உலகத்தோடு ஒப்பிடுவதும் அறிவியல் முறையின் அடிப்படை. அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் செய்துவிட்டான்.

தண்ணீரும் இப்படித்தான். இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் இரண்டு வாளி ஊற்றினால் அந்தக் குழி வற்றவே வற்றாது. எவ்வளவு மொண்டாலும் ஊறிக்கொண்டே இருக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால், அந்த வற்றாத குழியைப் பற்றிக் குழந்தையிடம் அவர்கள் பேசட்டும். நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, மொண்டதைத் திருப்பி நிரப்புவது எது என்ற கேள்வி தானாக வரும்.

வயலிலும் அதேபோல் ஒரு வரம்பு, ஒரு பொய். நடுவில் ஒரு கட்டம் தண்ணீர் வைத்தால் நாற்புறமும் நான்கு கட்டம் வரை மண் ஈரமாகும். ஒன்பதுக்கு ஒன்பது, அதில் தண்ணீர் போக 80 கட்டம் கோதுமை. பரப்பளவுக்கு அருமையான பயிற்சி. ஆனால் அதே நிலத்தில் கோதுமையே போட்டுக்கொண்டிருந்தாலும் மண் சத்து குறையாது, பூச்சி விழாது. நெல்லுக்குப் பிறகு உளுந்து ஏன் விதைக்கிறார்கள் என்று வயல் வைத்திருக்கும் தாத்தாவிடம் கேட்டால், வேர்முடிச்சும் நைட்ரஜனும் பேச்சில் வந்துவிடும்.

பனியை உருக்கிக் குடிப்பது

தி லாங் டார்க்கில் பூதமும் பேயும் கிடையாது. கனடாவின் வட பகுதியில் ஒரு பனிக்காடு. ஏதோ ஒரு காந்தக் கோளாறால் மின்சாரம் நின்றுவிட்டது. தனியாக இருக்கிறீர்கள். உடல் சூடு, களைப்பு, தாகம், பசி என்று நான்கு அளவுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் தூங்கினால் குறைவான கலோரி, நடந்தால் அதிகம், மலை ஏறினால் இன்னும் அதிகம். தொலைவில் இருக்கும் ஒரு டின் உணவை எடுக்கப் போய்வரும் கலோரி, அந்த டின்னில் இருப்பதைவிட அதிகமென்றால் போகாமலிருப்பதே புத்திசாலித்தனம். உயிரியலில் ஆற்றல் வரவு செலவை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. முதலில் பனியை உருக்க வேண்டும், பிறகு கொதிக்க வைக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நேரம், தனித்தனி விறகு. ஏன் இவ்வளவு விறகு தின்கிறது என்று பிள்ளை சலித்துக்கொள்ளும்போது உள்ளுறை வெப்பத்தைச் சொல்லலாம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை அதே 0 டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டும் சுமார் 334 கிலோ ஜூல் வேண்டும். அந்தத் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 418 கிலோ ஜூல். வெப்பமானியில் ஒரு டிகிரிகூட ஏறாத அந்த முதல் கட்டத்திலேயே இவ்வளவு வெப்பம் போய்விடுகிறது. பனியை அப்படியே தின்றால் என்ன என்று கேட்பார்கள். தின்றால் உருக்கும் வேலையை உடம்பு செய்ய வேண்டியிருக்கும், குளிரில் இருப்பவருக்கு அது ஆபத்து.

காற்று அடித்தால் இன்னும் குளிரும் என்பதை அந்த விளையாட்டு, "உணரும் வெப்பநிலை" என்று தனியே கணக்கிட்டுக் காட்டுகிறது. பனியைப் பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு அதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். மே மாதச் சென்னையில் வெப்பமானி 37 காட்டினாலும் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் உடம்பு அதைவிட அதிகமாக உணரும். அங்கே காற்று உடல் சூட்டைத் திருடுகிறது, இங்கே ஈரம் சூட்டை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது.

இந்த வகையின் பூர்வீகமே ஒரு வரலாற்று வகுப்பு

வரலாற்றுக்கும் இந்த விளையாட்டுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பயணத்தில் உயிர் பிழைப்பதை வைத்து வந்த மிகப் பழைய கணினி விளையாட்டுகளில் ஒன்றான ஓரிகன் டிரெயில், 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வகுப்பறைக்காகவே எழுதப்பட்டது. பயிற்சி ஆசிரியராக வரலாறு நடத்திக்கொண்டிருந்த டான் ராவிட்ச், தன்னோடு தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் ஆகிய இரு கணித மாணவ ஆசிரியர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். திரை கிடையாது. டெலிடைப் இயந்திரம் தாளில் அச்சடிக்கும், மாணவர்கள் பதிலைத் தட்டச்சு செய்வார்கள். வேட்டையாட வேண்டுமென்றால் "பேங்" என்று ஆங்கிலத்தில் வேகமாகத் தட்ட வேண்டும், தட்டும் வேகத்தைப் பொறுத்து இரை கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிசௌரியிலிருந்து மேற்கே ஓரிகன் வரை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், மாட்டு வண்டிகளில் குடியேறப் போன குடும்பங்களின் கதை அது. பிற்பாடு ராவிட்ச் அந்தப் பயணிகள் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்து, எந்தப் பகுதியில் நோய், புயல், வண்டி உடைவது போன்றவை எவ்வளவு அடிக்கடி நடந்தன என்று பார்த்து விளையாட்டின் நிகழ்தகவுகளைத் திருத்தினார். ஒரு வரலாற்று ஆவணம் எண்ணாக மாறி, அந்த எண் ஒரு குழந்தையின் முடிவைப் பாதிக்கிற இந்தச் சங்கிலியைப் பாருங்கள். வரலாறும் புள்ளியியலும் இவ்வளவு இயல்பாகக் கைகோக்கும் பாடம் அபூர்வம்.

1985இல் வந்த பதிப்பில் யாராகக் கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கலாம். பாஸ்டன் வங்கியாளரிடம் 1,600 டாலர், ஓஹையோ தச்சரிடம் 800, இல்லினாய்ஸ் விவசாயியிடம் 400. விவசாயியாக வென்றால் மூன்று மடங்கு மதிப்பெண். கையில் காசில்லாதவருக்கு அதே பாதை எவ்வளவு நீளம் என்பது இரண்டு முறை வெவ்வேறு ஆளாக விளையாடிப் பார்த்தாலே விளங்கும்.

இங்கேயும் அதே கேள்வி உண்டு. அந்தப் பாதை யாருடைய நிலத்தின் வழியாகப் போனது? பழைய பதிப்புகள் குடியேறிகளின் கண்ணாலேயே உலகைக் காட்டின, பூர்வகுடி மக்கள் ஓரத்தில் வந்து போனார்கள். 2021இல் வந்த புதிய பதிப்பைச் செய்தவர்கள் பூர்வகுடி வரலாற்றாசிரியர்களின் ஆலோசனையைக் கேட்டு அதை மாற்ற முயன்றார்கள். ஒரு வரலாற்றை யார் சொல்கிறார்கள் என்று கேட்கப் பழகுவதற்கு, ஒரே விளையாட்டின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. 2014இல் போலந்திலிருந்து வந்த திஸ் வார் ஆஃப் மைன், போஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் நாம் சிப்பாய் அல்ல, உணவும் மருந்தும் தேடும் சாதாரண ஜனம். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு, சின்னவர்கள் கையில் தரவே கூடாது. பங்கர் வாழ்க்கையை அம்மம்மாவின் வாயால் கேட்கக்கூடிய வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் பேச விரும்பினால், விளையாட்டை மூடிவைத்துவிட்டு அதைக் கேட்பதே மேல்.

மற்ற பாடங்கள், சுருக்கமாக

மைன்கிராஃப்டின் ரெட்ஸ்டோன் தூள் மின்கம்பி மாதிரி நடந்துகொள்ளும். அதன் சமிக்ஞை 15இல் தொடங்கி ஒரு கட்டத்துக்கு ஒன்று வீதம் குறையும், நீட்டிக்க ரிப்பீட்டர் வைக்க வேண்டும். ரெட்ஸ்டோன் டார்ச்சுக்குச் சமிக்ஞை வந்தால் அது அணையும், வராவிட்டால் எரியும். கணினியியலில் "நாட் கேட்" என்பது இதுவேதான். தானாகத் திறக்கும் கதவு ஒன்றைச் செய்து முடித்த பிள்ளைக்கு லாஜிக் கேட் பாடம் புதிதாக இருக்காது.

மொழிக்கு விளையாட்டு நேரடியாகச் செய்வது குறைவு. ஆனால் தி லாங் டார்க்கில் கழிந்த ஒரு நாளை, அந்த மனிதரே தமிழில் எழுதும் நாட்குறிப்பாக எழுதச் சொல்லிப் பாருங்கள். "என் வாழ்வில் மறக்க முடியாத நாள்" என்ற தலைப்புக்கு நாலு வரி எழுதும் பிள்ளை, இதற்கு இரண்டு பக்கம் எழுதும்.

தொடங்குபவர்களுக்கு

மைன்கிராஃப்டில் இரண்டு முக்கிய முறைகள் உண்டு. கிரியேட்டிவ் முறையில் எல்லாப் பொருளும் கணக்கில்லாமல் கிடைக்கும், கட்டடம் கட்ட நல்லது. நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் சர்வைவல் முறையில்தான் நடக்கும். சிறு குழந்தை பயப்படுகிறதே என்று கடினத்தை "பீஸ்ஃபுல்" என்று வைத்தால் ஜோம்பி வராது, ஆனால் பசியும் எடுக்காது. பசி போனால் வயலுக்கு அவசியம் போய்விடும். ஆகவே சில நாள் அதில் பழகவிட்டுப் பிறகு "ஈஸி"க்கு மாற்றுங்கள். ஏழு, எட்டு வயதிலிருந்து மைன்கிராஃப்ட் பொருத்தமானது. தி லாங் டார்க்கில் ஓநாய் தாக்குதலும் சாவும் இருப்பதால் அதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடலாம். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு சேரும் பொது சர்வர்களை ஆரம்பத்தில் தவிருங்கள், வீட்டுக்குள்ளேயே இரண்டு கருவிகளை இணைத்து விளையாடலாம்.

விடை எல்லாம் யூடியூபில் இருக்கிறது. எங்கே தோண்டினால் வைரம் என்று வீடியோ பார்த்து அப்படியே செய்யும் குழந்தை கற்பது குறைவு. முதல் ஒரு வாரம் வீடியோ பார்க்காமல் விளையாடலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் லுவான்டி இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த இலவசக் கட்டற்ற மென்பொருள். பழைய கணினியிலும் ஓடும். அதற்குள் மைன்க்ளோனியா என்ற விளையாட்டை இறக்கிக்கொண்டால் மரம் வெட்டுவது, உலை வைப்பது, வயல் போடுவது எல்லாம் ஏறத்தாழ மைன்கிராஃப்ட் போலவே நடக்கும்.